முஜாவிர் முதல் இகாமா வரை: இரு புனித நகர்களில் தங்கி வாழ்தலின் வரலாறு

எங்கள் வாப்பும்மாவின் பெட்டகத்தில் பழைய உறுதிகளுக்கும் கொஞ்சம் சாம்பிராணிப் பொட்டலத்துக்கும் இடையில் ஒரு கடிதம் கிடந்தது. அரபுத் தமிழில் எழுதியது. மடிப்புகளில் தாள் இற்றுப் போயிருந்ததால் நாலு துண்டாகத்தான் கையில் வந்தது. எழுதியவர் வாப்பும்மாவின் பெரியவாப்பா. குடும்பத்தில் அவருக்கு வேறு பெயர் கிடையாது, ‘மக்கத்து அப்பா’தான். ஹஜ்ஜுக்குப் போனவர் திரும்பி வரவில்லை. அங்கேயே இருந்து, அங்கேயே மவுத்தானார். கடிதத்தின் அடியில் ஹிஜ்ரி 1352 என்ற ஆண்டு இருக்கிறது. ஆங்கிலக் கணக்கில் 1933 - 34.

தன் பெயருக்குக் கீழே அவர் ‘முஜாவிர்’ என்று போட்டிருக்கிறார்.

சின்ன வயதில் இதை எனக்கு வாசித்துக் காட்டிய லெப்பைக்கும் அந்த இடத்தில் ஒரு தடுமாற்றம் வந்தது. எங்கள் பக்கத்தில் முஜாவிர் என்றால் தர்ஹாவில் விளக்கேற்றி, கொடியேற்றத்துக்கு வருகிறவர்களுக்கு நார்ஸா கொடுக்கிற ஆள். நாகூரில் முஜாவர் என்பார்கள். “மக்கத்தில எங்க தர்ஹா? அங்க என்ன வேலை பாத்தாராம்?” என்று வீட்டில் ஆளுக்கொரு கதை சொன்னார்கள். பல்கலைக்கழகத்தில் தமிழைச் சிறப்புப் பாடமாகப் படிக்கும்போதுதான், அரபுச் சொற்கள் தமிழுக்கு வந்து பொருள் குறுகுவதைப் பற்றிய ஒரு ஒப்படைக்காக அகராதிகளைப் புரட்டி, இந்தச் சொல்லின் உண்மையான இடத்தைக் கண்டேன். ‘ஜார்’ என்றால் அயலவன். ‘ஜிவார்’ அயலில் இருத்தல். ‘முஜாவிர்’ அயலில் வந்து குடியிருப்பவர். அல்லாஹ்வின் வீட்டுக்கு அயலில், அல்லது றஸூல் (ஸல்) அவர்களின் பள்ளிக்கு அயலில், ஊரை விட்டு வந்து தங்கியவர் முஜாவிர். பிறகு, அவ்லியாக்களின் கப்றுக்கு அயலில் இருப்பவருக்கும் அந்தப் பெயர் போய்ச் சேர்ந்தது. நம் மொழியில் பின்னது நின்றது, முன்னது மறந்தது.

போன வருஷம் இந்தக் கடிதத்தை மறுபடி எடுக்க வேண்டி வந்தது. வாப்பாவுக்கு 74 வயது. ஓய்வுபெற்ற அதிபர். உம்மா மவுத்தான பிறகு அவருக்கு வீட்டில் இருப்புக் கொள்ளவில்லை. தம்பி மதீனாவில் வேலை செய்கிறான். “நான் அங்க போய் அவனோட இருந்திர்ரன், மகன். மவுத்தும் அங்கயே வரட்டும்” என்றார். மதீனாவில் மரணிக்க முடிந்தவர் அங்கேயே மரணிக்கட்டும் என்ற கருத்தில் திர்மிதியில் வரும் ஹதீஸை அவர் பாடசாலைக் காலைக் கூட்டங்களில் எத்தனை தரம் சொல்லியிருப்பார் என்று எனக்குத் தெரியும். நானும் தம்பியும் விசாரித்தோம். தம்பியின் இகாமாவில் இருக்கிற தொழிற்பெயருக்குத் தகப்பனை நிரந்தரமாக அழைக்க ஏலாது, பார்வையிடும் வீசாவில் வந்து போகலாம் என்று ஏஜென்சியில் சொன்னார்கள். வாப்பா அதை நம்பவில்லை. “அப்ப மக்கத்து அப்பாவுக்கு ஆரு வீசா குடுத்த?” என்று கேட்டார்.

அந்தக் கேள்விக்கு விடை தேடியதே இக்கட்டுரை.

ஜிவார் என்ற சொல்லுக்கு அயல் என்பதோடு இன்னொரு பொருளும் உண்டு. இஸ்லாத்துக்கு முந்திய மக்காவில் கோத்திரப் பலம் இல்லாத ஒருவன் பாதுகாப்பாக வாழ வேண்டுமானால், ஊரில் பலமுள்ள ஒருவர் ‘இவன் என் ஜிவாரில் இருக்கிறான்’ என்று பகிரங்கமாகச் சொல்ல வேண்டும். தாயிபிலிருந்து காயப்பட்டுத் திரும்பிய நபி (ஸல்) அவர்கள், முத்இம் இப்னு அதீயின் ஜிவாரில்தான் மக்காவுக்குள் நுழைந்தார்கள். முத்இம் இஸ்லாத்தை ஏற்றவர் அல்லர். தன் மக்களோடு ஆயுதம் தரித்து வந்து நின்று அந்தப் பாதுகாப்பைக் கொடுத்தார். சீறா படித்த எல்லோருக்கும் தெரிந்த சம்பவம்தான். ஆனால் ஒரு கபீலின் கையொப்பத்துக்காக அலைந்த ஒருவன் அதை வாசிக்கும்போது வேறு மாதிரித் தெரிகிறது. பிறந்த ஊருக்குள் நுழையவே ஒருவருக்கு இன்னொருவருடைய பொறுப்பு தேவைப்பட்டிருக்கிறது.

மக்கா வெற்றிக்குப் பிறகு இந்த நிலை மாறியது. ஹறம் எவருடைய ஜிவாருக்கும் உட்பட்டதல்ல. ஸூறத்துல் ஹஜ்ஜின் 25ஆம் வசனம், மஸ்ஜிதுல் ஹறாமில் அங்கேயே தங்கியிருப்பவரும் வெளியிலிருந்து வருபவரும் சமம் என்ற கருத்தைச் சொல்கிறது. இந்த வசனத்தைப் பிடித்துக்கொண்டு இமாம்கள் பெரிய விவாதமே நடத்தியிருக்கிறார்கள். மக்காவின் நிலத்தை விற்கலாமா, வீட்டை வாடகைக்கு விடலாமா? இமாம் அபூ ஹனீபா அந்த நிலத்தை விற்பதை ஏற்கவில்லை. இமாம் ஷாபிஈ ஆகும் என்றார்கள். ஹஜ் காலத்தில் வருகிறவர்கள் விரும்பிய இடத்தில் இறங்குவதற்காக, மக்கா வீடுகளுக்குக் கதவு போட வேண்டாம் என்று உமர் (றழி) பணித்ததாகவும் அறிவிப்புகள் உண்டு. இன்று ஹறத்தைச் சுற்றி நிற்கும் ஹோட்டல்களைப் பார்த்துவிட்டு வந்தவர்கள் இந்த அறிவிப்பை மெதுவாக இன்னொரு தரம் வாசிக்கலாம்.

வருவது சரி, தங்குவது எப்படி? இதில் முன்னோர்கள் ஒரே மாதிரிப் பேசவில்லை. மக்காவிலிருந்து ஹிஜ்றத் செய்தவர்கள் ஹஜ் கிரியைகளை முடித்த பிறகு அங்கு மூன்று இரவுகளே தங்கலாம் என்று ஒரு ஹதீஸ் இருக்கிறது. அது முஹாஜிர்களுக்கு மட்டும் உரியது. அல்லாஹ்வுக்காக விட்ட ஊரை மறுபடி எடுத்துக்கொள்ளக் கூடாது என்பதே அதன் கருத்து. மற்றவர்களைப் பொறுத்த வரை, இமாம் அபூ ஹனீபா மக்காவில் நிரந்தரமாகத் தங்குவதை விரும்பவில்லை. இமாம் கஸ்ஸாலி இஹ்யாவின் ஹஜ் பற்றிய பகுதியில், தங்குவதை வெறுத்த பேணுதலுள்ளவர்களின் காரணங்களை எடுத்துச் சொல்கிறார்கள். பழகப் பழகக் கஃபாவின் மீதுள்ள பயபக்தி குறைந்துவிடும். பிரிந்து இருந்தால்தான் திரும்பி வரும் ஆசை உயிரோடு இருக்கும். அங்கே செய்யும் பாவம் பாரதூரமானது. ஹஜ் முடிந்ததும் யமன்காரர்களை யமனுக்கும் ஷாம்காரர்களை ஷாமுக்கும் போகச் சொல்லி உமர் (றழி) கிளப்பிவிட்டதையும் அதே இடத்தில் காணலாம். நமது மத்ஹபின் பெரிய இமாமான நவவி (றஹ்) அவர்களோ, பாவத்தில் விழுந்துவிடுவோம் என்ற அச்சம் மிகுந்தவரைத் தவிர மற்றவர்கள் தங்குவது விரும்பத்தக்கது என்றார்கள்.

இந்த விவாதம் முழுவதிலும் ஒரு விஷயத்தைக் கவனியுங்கள். தங்கலாமா கூடாதா என்பது தங்குகிறவனின் உள்ளத்தைப் பற்றிய கேள்வியாக இருந்தது. தங்குவதற்கு யாரிடம் அனுமதி கேட்பது என்று எந்தக் கிதாபும் கேட்கவில்லை.

எனவே, தங்கினார்கள். குவாரிஸ்மிலிருந்து வந்த ஸமக்‌ஷரி மக்காவில் இருந்துகொண்டே ‘அல்கஷ்ஷாப்’ என்ற தப்ஸீரை எழுதினார். அவருக்கு ‘ஜாருல்லாஹ்’, அதாவது அல்லாஹ்வின் அயலவர், என்ற பெயர் நிலைத்துவிட்டது. அவர் முஃதஸிலாக் கொள்கைக்காரர். ஆனாலும் அந்தப் பெயரை யாரும் அவரிடமிருந்து பறிக்கவில்லை. 1344இல் புத்தளம் வந்து இறங்கி, ஆரியச் சக்கரவர்த்தியைச் சந்தித்து, ஆதம் மலை ஏறிய இப்னு பதூதாவும் அதற்கு முன்னர் மக்காவில் முஜாவிராக இருந்தவர்தான். நம் ஊரில் அவரை வெறும் பயணியாகவே படிப்பிக்கிறோம். நடுவில் ஹறத்தின் பக்கத்தில் உட்கார்ந்து ஓதிய காலமும் அவருக்கு இருந்தது.

இப்படித் தங்கியவர்கள் எதைச் சாப்பிட்டார்கள் என்பதற்கும் ஒரு வரலாறு உண்டு. மக்காவில் விவசாயம் இல்லை. எகிப்திலிருந்து வக்பு நிலங்களின் கோதுமை வந்தது. 1517க்குப் பிறகு உஸ்மானிய சுல்தான்கள் வருடா வருடம் ‘சுர்றா’ என்ற பணப்பொதியை ஹஜ் கூட்டத்தோடு அனுப்பினார்கள். யாருக்கு எவ்வளவு என்று அதற்குப் பதிவேடுகள் இருந்தன. முஜாவிர்களின் பெயர்களும் அவற்றில் ஏறின. ஏழைகளும் விதவைகளும் தங்குவதற்கென்று தனவந்தர்கள் ‘ரிபாத்’ என்ற விடுதிகளை வக்பு செய்தார்கள். ஆக, அந்தக் காலத்திலும் வெளியூர்க்காரனுக்குப் பதிவு இருந்தது. வெளியேற்றுவதற்காக அல்ல, படி அளப்பதற்காக.

இந்த இடத்தில் கொஞ்சம் நின்று, மக்காக் குடும்பங்களின் பெயர்களைப் பார்க்க வேண்டும். புகாரி, சிந்தி, ஹிந்தி, ஜாவி, பலிம்பானி, மலிபாரி, தக்ரூனி. இவை குடும்பப் பெயர்களாகத் தெரியும். பிரித்துப் பார்த்தால் புகாரா, சிந்து, ஹிந்துஸ்தான், ஜாவா, பலெம்பாங், மலபார், மேற்கு ஆபிரிக்கா. ஒவ்வொரு பெயருக்கும் பின்னால் திரும்பிப் போகாத ஒரு ஹாஜி இருக்கிறார். நம் ஊர்களில் குடி வழியும் வீட்டுப் பெயரும் எப்படிப் பழைய வரவுகளைக் காட்டிக்கொடுக்கின்றனவோ, அப்படித்தான் இதுவும்.

19ஆம் நூற்றாண்டில் நீராவிக் கப்பல் வந்தது, 1869இல் சுயஸ் கால்வாய் திறந்தது. வருகிறவர்களின் தொகையும் தங்குகிறவர்களின் தொகையும் பெருகின. டச்சு அறிஞர் ஸ்னூக் ஹுர்குரோஞ்சே 1885இல் மக்காவில் சில மாதங்கள் இருந்து எழுதிய நூலில், ஜாவாக்காரர்களுக்கு மட்டும் ஒரு பெரும் பகுதி ஒதுக்கியிருக்கிறார். படிக்க வந்தவர்களும் இருந்தார்கள், கடைசிக் காலத்தைக் கழிக்க வந்த முதியவர்களும் இருந்தார்கள். அவர் காலனி அரசுக்குத் தகவல் சேர்க்கப் போனவர் என்பதை மறந்துவிட்டு அந்நூலை வாசிக்கக் கூடாது. ஆனால் மறைத்துவிட்டும் எழுத முடியாது. அவ்வளவு நுணுக்கமாகப் பார்த்திருக்கிறார். நவவி அல்பன்தனி, அஹ்மத் கதீப் மினங்கபாவி போன்ற ஜாவிகள் ஷாபிஈ மத்ஹபின் ஆசிரியர்களாக மக்காவில் புகழ் பெற்றது இக்காலத்தில்தான். பன்தனியின் கிதாபுகள் நம் மத்ரஸாக்களிலும் புழங்குகின்றன.

ஹிந்துஸ்தானிலிருந்து வந்தவர்களின் கதை வேறு. 1857 கிளர்ச்சி தோற்றபின் பிரித்தானியரிடமிருந்து தப்பி வந்தவர்கள் பலர். மௌலானா றஹ்மதுல்லாஹ் கைரானவியின் சொத்துகள் ஊரில் பறிமுதலாயின. மக்கா வந்த அவர், கல்கத்தாவைச் சேர்ந்த ஸவ்லதுன்னிஸா என்ற பெண்மணியின் நன்கொடையைக் கொண்டு ஸவ்லதிய்யா மத்ரஸாவை நிறுவினார். ஹாஜி இம்தாதுல்லாஹ் அவர்கள் 1899இல் மரணிக்கும் வரை மக்காவிலேயே இருந்தார்கள். அவர்கள் பெயரோடு ‘முஹாஜிர் மக்கீ’ என்பது ஒட்டிக்கொண்டது. இன்றைய சொல்லில் சொன்னால் இவர்கள் அரசியல் அகதிகள். அகதி என்ற பத்திரம் இல்லாமலே அகதியாக வாழ்ந்தார்கள்.

தாள் எப்போது வந்தது? நான் நினைத்திருந்தது சவூதி ஆட்சியோடு வந்தது என்று. அப்படியல்ல. அதற்கு இரண்டு தலைமுறை முன்னரே, உஸ்மானியர் காலத்தில் வந்துவிட்டது. காரணம் அவர்களின் அச்சம்.

1867இல் உஸ்மானிய அரசு வெளிநாட்டாருக்கு நிலம் வாங்கும் உரிமையைச் சட்டமாக்கியது. ஐரோப்பிய வல்லரசுகளின் நெருக்குதல் அது. அந்தச் சட்டத்தில் ஒரேயொரு மாகாணத்துக்கு விலக்கு அளித்தார்கள்: ஹிஜாஸ். இரண்டு வருடத்தில், 1869இல், பிரஜாவுரிமைச் சட்டம் வந்தது. உஸ்மானிய நாட்டில் வசிப்பவர் எவரும், தான் வேற்று நாட்டவர் என்று நிரூபிக்கும் வரை, உஸ்மானியப் பிரஜையாகவே கருதப்படுவார் என்றது அது. இரண்டையும் சேர்த்துப் பாருங்கள். மக்காவில் இருபது வருடம் இருந்து வீடும் வாங்கிய ஒரு பம்பாய்க்காரர் யார்? சுல்தானின் கணக்கில் அவர் உஸ்மானியர். ஜித்தாவிலிருந்த பிரித்தானியக் கொன்சலின் கணக்கில் அவர் விக்டோரியா மகாராணியின் பிரஜை. வழக்கு வம்பு என்று வந்தால் அவரே எந்தப் பக்கம் நன்மையோ அந்தப் பக்கம் சாய்வார். அதில் குற்றம் சொல்ல என்ன இருக்கிறது, யாரானாலும் அதைத்தான் செய்வார்கள்.

ஆனால் இஸ்தான்பூலில் இருந்தவர்களுக்கு இது வேறு விதமாகத் தெரிந்தது. அல்ஜீரியர் பிரான்சின் பிரஜைகள். புகாராக்காரர் ரஷ்யாவின் பிடியில். ஜாவிகள் டச்சுக்காரரின் கீழ். ஹிந்திகளும் நாமும் பிரித்தானியரின் கீழ். முஸ்லிம் உலகின் பெரும்பகுதி காலனிக்குள் போய்விட்ட நேரத்தில், ஹறத்துக்கு அயலில் குடியிருக்கும் ஒவ்வொரு முஜாவிரும் ஒரு ஐரோப்பிய அரசின் கால் வைக்கும் இடமாக மாறக்கூடும். எகிப்துக்கு 1882இல் நேர்ந்தது கண்முன்னே இருந்தது. அங்கே தோற்ற ஒறாபி பாஷாவை 1883 ஜனவரியில் நம் கொழும்பில்தானே கொண்டுவந்து இறக்கினார்கள்! இந்தச் சூழலில் 1880களில் இந்திய, அல்ஜீரிய, ரஷ்ய முஸ்லிம்கள் ஹிஜாஸில் நிலம் வாங்குவதைத் தடுக்க உஸ்மானிய அரசு முனைந்தது. ஜித்தாத் துறைமுகத்தில் கடவுச்சீட்டுப் பார்ப்பதும் இறுகியது. சுகாதாரக் கட்டுப்பாடு இன்னொரு பக்கம். 1865இல் மக்காவில் பரவிய கொலரா ஐரோப்பா வரை போனதால், கிழக்கிலிருந்து வரும் கப்பல்களைக் கமரான் தீவில் நிறுத்திச் சோதித்தார்கள்.

முஸ்லிமுக்கு முஸ்லிம் ‘வெளிநாட்டான்’ ஆன தருணம் இது என்பது என் கருத்து. செய்தவர் கலீபா. செய்ய வைத்தது காலனித்துவம். ஒரு பக்கத்தை மட்டும் திட்டிவிட்டுப் போகிறவர்கள் மற்றப் பக்கத்தையும் படிக்க வேண்டும்.

மறுபுறத்தில் காலனி அரசுகளுக்கும் தங்குகிறவர்கள் தலையிடிதான். கையில் காசில்லாமல் ஜித்தாவில் அகப்பட்ட ஹாஜிகளைத் திருப்பியெடுக்கும் செலவு அவர்கள் தலையில் விழுந்தது. 1886இல் இந்திய ஹஜ் பயணத்தை தோமஸ் குக் கம்பனியிடம் ஒப்படைத்துப் பார்த்தார்கள். சில வருடங்களில் அது கைவிடப்பட்டது. 1920களில் டச்சு ஆட்சியும் பிரித்தானிய இந்திய ஆட்சியும் போக்குவரத்து இரண்டுக்கும் சேர்த்து டிக்கட் எடுப்பதைக் கட்டாயமாக்கும் சட்டங்களைக் கொண்டு வந்தன. திரும்பும் டிக்கட் என்பது சின்ன விஷயமாகப் படும். ‘நீ திரும்பி வருவாய்’ என்று பயணி புறப்படும் முன்பே தீர்மானிப்பது அதுதான்.

இப்போது மக்கத்து அப்பாவின் கடிதத்துக்கு வருவோம். கமரானில் இறக்கிக் குளிக்க வைத்ததை அவர் எழுதியிருக்கிறார், கோபத்தோடு. ஹாஜிமார் வரத்துக் குறைவு, கடைத்தெரு தூங்குகிறது, ஒரு அறையை நாலு பேர் சேர்ந்து பிடித்திருக்கிறோம் என்கிறார். இது உண்மையான நிலவரம். உலகப் பொருளாதார வீழ்ச்சியால், 1920களின் பிற்பகுதியில் ஒரு இலட்சத்தைத் தொட்ட வெளிநாட்டு ஹாஜிகளின் தொகை 1933இல் ஏறத்தாழ 20,000 ஆக இறங்கியிருந்தது. 1932இல் பிரகடனமான சவூதி அரேபிய இராச்சியத்துக்கு அப்போது பிரதான வருமானமே ஹாஜிகள்தான். வந்தவன் தங்கினால் அரசுக்கு அதில் முறையிட எதுவும் இல்லை. அந்த வருமானம் இப்படி வற்றிக்கிடந்த 1933 மே மாதத்தில்தான் மன்னர் அப்துல் அஸீஸின் அரசு கலிபோர்னியா ஸ்டான்டர்ட் ஒயில் கம்பனிக்கு எண்ணெய் அகழும் உரிமையைக் கொடுத்தது. நாலு பேரோடு ஒரு அறையில் இருந்து கடிதம் எழுதிய எங்கள் அப்பாவுக்கு அந்தக் கையொப்பம் பற்றி ஒன்றும் தெரிந்திருக்காது. ஆனால் அவரைப் போன்ற ஒருவர் அப்படித் தங்குகிற காலத்தை முடித்து வைத்தது அதுதான்.

கடிதத்தின் மூன்றாவது துண்டில் அவர் வீட்டு விஷயம் எழுதுகிறார். தென்னந்தோட்டத்தில் தன் பங்கை விற்று அனுப்பச் சொல்கிறார். பிறகு மனைவிக்கு ஒரு வரி: தன் மீதுள்ள ஹக்கை ஹலாலாக்கிவிடும்படி. அவ்வளவுதான்.

வாப்பும்மாவிடம் இதைப் பற்றி ஒரு தடவை கேட்டேன். குடும்பம் முழுக்க மக்கத்து அப்பாவை அவ்லியா போலப் பேசும்போது அவ மட்டும் பேசமாட்டா. “அவரு கஃபத்துல்லாக்குப் பக்கத்தில இருந்தாரு மகன். பெரியும்மா அடுப்புக்குப் பக்கத்தில இருந்தா. பாயிழச்சிப் புள்ளயள வளத்தா. ஹலாலாக்கினாவா இல்லயா எண்டு நான் கேக்கல்ல” என்றா. ஹாஜிகளை ஊருக்குக் கிளப்பிய உமர் (றழி) அவர்களின் செய்கைக்கு நான் படித்த விளக்கங்கள் எல்லாவற்றையும் விட, இந்தப் பேச்சு எனக்கு நெருக்கமானது. முஜாவிர்களின் வரலாற்றை எழுதிய எவரும் அவர்கள் விட்டுவிட்டுப் போனவர்களைப் பதிவேட்டில் ஏற்றவில்லை.

1938இல் தம்மாமில் எண்ணெய் பெருகியது. யுத்தத்துக்குப் பிறகு காசும் பெருகியது. 1952இல், அதாவது ஹிஜ்ரி 1371இல், இரண்டு காரியங்கள் நடந்தன. ஹாஜிகளிடம் வாங்கிய வரியை அரசு நீக்கியது. அதே ஆண்டு வதிவிடச் சட்டத்தையும், அதாவது இகாமாச் சட்டத்தையும், கொண்டுவந்தது. 1954இல் பிரஜாவுரிமைச் சட்டம் வந்தது. ஒரு கதவு அகலத் திறந்தது, மற்றக் கதவுக்குப் பூட்டுப் போட்டார்கள். வருவதற்குக் காசு வேண்டாம், தங்குவதற்குத் தாள் வேண்டும். புகாரிகளும் ஜாவிகளும் பூட்டு விழுமுன் உள்ளே இருந்தவர்கள்.

இகாமா என்ற சொல்லையும் பாருங்கள். தொழுகைக்கு நிற்கும்போது சொல்கிறோமே, அதே இகாமத்தான். நிலைநிறுத்தல், நின்று தங்கல். நம் ஊர்ப் பையன்களின் வாயில் அது ‘அக்காமா’. 1970களின் கடைசியில் தொடங்கி நம் நாட்டிலிருந்து சவூதிக்குப் போகாத கிராமம் இல்லை. 1985இல் வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகமும் வந்தது. கபீல் ஒருவர் பொறுப்பெடுக்க, அவரிடம் வேலை செய்யும் காலம் வரை தங்கலாம் என்பதே நடைமுறையாயிற்று. முத்இம் இப்னு அதீயின் ஜிவார் இப்படி ஒரு வடிவத்தில் திரும்பி வந்ததாக நான் சொன்னால் சிலர் கோபிப்பார்கள். பொருத்தம் இருக்கிறது, ஒரு வித்தியாசமும் இருக்கிறது. முத்இம் வேலை வாங்கவில்லை.

தங்குவதற்கான காரணம் இபாதத்திலிருந்து உழைப்புக்கு மாறியபோது, உழைக்க முடியாத வயதானவர் அந்தக் கணக்கிலிருந்தே விழுந்துவிட்டார். பிள்ளையின் இகாமாவில் தொங்கிக்கொண்டு இருப்பவர்களுக்கும் 2017 ஜூலையிலிருந்து தலைக்கு மாதம் 100 றியால் கட்டணம் வந்தது. வருடா வருடம் ஏறி 2020இல் அது 400 ஆனது. தம்பியே தன் மனைவி பிள்ளைகளை ஊருக்கு அனுப்பியது அந்தக் கணக்குப் பார்த்துத்தான்.

2019 மே மாதம் சவூதி அரசு ‘சிறப்பு இகாமா’ என்ற புதிய முறையை அறிவித்தது. கபீல் தேவையில்லை. நிரந்தரமாக இருக்க 800,000 றியால், ஒரு வருடத்துக்கு 100,000 றியால். அப்போது சாதாரணமாக வெளிநாட்டார் சொத்து வாங்க முடியாதிருந்த மக்காவிலும் மதீனாவிலும் கூட, இதை வைத்திருப்பவர் 99 வருடம் வரை ஒரு கட்டிடத்தின் பயன்பாட்டு உரிமையைப் பெறலாம். 2024 ஜனவரியில் திறமைசாலிகள், முதலீட்டாளர்கள், தொழில் முனைவோர், 40 இலட்சம் றியாலுக்குக் குறையாத சொத்துடையோர் என்று மேலும் சில பிரிவுகளைச் சேர்த்தார்கள். றியாலுக்கு 80 ரூபா என்று வைத்தாலும் 800,000 றியால் என்பது 6 கோடி 40 இலட்சம் ரூபா. வாப்பாவின் பென்சன் புத்தகத்தை எடுத்துக்கொண்டு அந்தத் தொகையைப் பார்த்தால், அவர் படிப்பித்த கணக்குப் பாடமே அவரைப் பார்த்துச் சிரிக்கும்.

நியாயமாக ஒன்று சொல்ல வேண்டும். இது சவூதிக்கு மட்டும் உரிய போக்கு அல்ல. வயதானவர்களைக் காசோடு வரவேற்கும் திட்டங்கள் இன்று பல நாடுகளில் இருக்கின்றன. மலேசியா 1996இல் ‘வெள்ளி முடி’ என்ற பெயரில் தொடங்கியதை 2002இல் ‘மலேசியா எனது இரண்டாம் இல்லம்’ ஆக்கியது. தாய்லாந்து 50 வயதுக்கு மேற்பட்டவரிடம் 800,000 பாத் வங்கியில் இருப்புக் கேட்கிறது. (இந்த 800,000 என்ற எண்ணில் என்ன பறக்கத்தோ!) நம் நாடும் பின்நிற்கவில்லை. 55 வயது தாண்டிய வெளிநாட்டாருக்கு ‘எனது கனவு இல்லம்’ என்ற வீசாவை ஏற்படுத்தி, 15,000 டொலர் வைப்பும் மாதம் 1,500 டொலர் வரவும் கேட்டது. காலிக் கோட்டையில் வீடு எடுத்திருக்கும் வெள்ளைக்கார முதியவருக்கு நாம் வைத்த நிபந்தனையும் இதே மாதிரிதான். கனவுக்குத்தான் எல்லோரும் விலை போடுகிறார்கள்.

ஆனால் மக்காவும் மதீனாவும் கடற்கரை நகரங்கள் அல்ல. ஓய்வெடுக்க ஒரு முஸ்லிம் அங்கே போவதில்லை. 2019இலும் 2024இலும் அறிவித்த பிரிவுகளைத் திரும்பத் திரும்ப வாசித்தேன். உழைப்பு இருக்கிறது, திறமை இருக்கிறது, முதல் இருக்கிறது, சொத்து இருக்கிறது. ஆயிரம் வருடத்துக்கு மேலாக அந்த நகரங்களை நிரப்பிய காரணத்துக்கு, ‘அயலில் இருக்க வந்தேன்’ என்பதற்கு, ஒரு பிரிவு இல்லை. மறுபக்கமும் எனக்குத் தெரியாமல் இல்லை. ஹஜ்ஜுக்கே பத்து இலட்சம் பேருக்கு ஆயிரம் பேர் என்ற கோட்டா 1980களின் பிற்பகுதியில் இஸ்லாமிய நாடுகள் ஒப்புக்கொண்டது. நமக்கு அண்மைய வருடங்களில் கிடைத்தது 3,500 இடம். உலக முஸ்லிம்களில் கடைசிக் காலத்தை அங்கே கழிக்க விரும்புகிறவர்களை எல்லாம் விட்டால் அந்தப் பள்ளத்தாக்கு தாங்காது. இதைச் சொன்னபோது வாப்பா, “எல்லாரையும் விடச் சொல்லல்லியே. ஒரு கிழவன் ஒரு மூலையில இருக்கிறதுக்கு என்ன?” என்றார். எல்லாக் கிழவர்களும் இதைத்தான் சொல்வார்கள் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

கடைசியில் தம்பி பார்வையிடும் வீசாவுக்கே விண்ணப்பித்தான். படிவத்தை நான்தான் நிரப்பினேன். வருகையின் நோக்கம் என்ற இடத்தில் குடும்பத்தாரைப் பார்த்தல் என்று போட்டேன். 90 நாள். வாப்பா போனார். ஐந்து நேரமும் மஸ்ஜிதுந் நபவியில் தொழுததாகவும், பகீஃக்குப் பல தடவை போனதாகவும் தம்பி சொன்னான். 86ஆம் நாள் திரும்பிவிட்டார். நாள் பிந்தினால் தம்பியின் வேலைக்கு ஆபத்து என்று அவருக்கு யாரோ சொல்லியிருக்கிறார்கள். கட்டுநாயக்காவிலிருந்து வரும் வழியில் வாகனத்தில் அவர் அதிகம் பேசவில்லை. பொலன்னறுவை தாண்டும்போது மட்டும், “பெரியும்மாட கப்று எந்த இடம் எண்டு உனக்குத் தெரியுமா?” என்று கேட்டார். எனக்குத் தெரியாது. அடுத்த ஜும்ஆவுக்குப் பிறகு மையவாடியில் ஊர் மூத்தவர் ஒருவரைக் கூட்டிப்போய் இரண்டு பேரும் தேடினோம். இடத்தை மட்டுமட்டாகக் காட்டினார்.

மக்கத்து அப்பா எந்த ரிபாத்தில், எந்த மஹல்லாவில் இருந்தார் என்ற வரி கடிதத்தின் கிழிந்த மடிப்பில் போய்விட்டது. ‘ப’வில் முடியும் ஒரு சொல் மட்டும் தெரிகிறது. இதே காலத்தில் கிழக்கிலிருந்தோ, தெற்கில் வெலிகம, பேருவளைப் பக்கமிருந்தோ போய் அங்கே தங்கியவர்கள் இருப்பார்கள். அவர்கள் வீட்டுக்கு எழுதிய அரபுத் தமிழ்க் கடிதங்கள் இன்னும் சில பெட்டகங்களில் கிடக்கும். வைத்திருப்பவர்கள் இவ்விதழுக்குப் பிரதி அனுப்பினால் நன்று. மூலத்தை அனுப்ப வேண்டாம். மடிப்பை விரிக்கும் முன் கொஞ்சம் ஈரக் காற்றுப் பட வைத்து மெதுவாக விரியுங்கள். நான் அதைச் செய்யாததால்தான் ஒரு வரி போனது.